வதிவிடம் மாறிய வரலாறு: ஐக்கிய அமெரிக்காவில் குடும்ப மருத்துவப் பயிற்சியின் தோற்றமும் முரணும்

ஆய்வுச் சுருக்கம்

ஐக்கிய அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு குடும்ப மருத்துவம் இருபதாவது மருத்துவச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. அதனுடன் மூன்றாண்டு வதிவிடப் பயிற்சி முறையும் உருவாயிற்று. அப்பயிற்சி தோன்றிய சூழல், அதன் உள்ளமைப்பு, அதற்குப் பணம் வழங்கப்பட்ட முறை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மருத்துவர் உருவாகும் இடத்தை நோயாளர் படுக்கையிலிருந்து குடும்பங்கள் வந்துபோகும் மையத்திற்கு மாற்றியதே இப்பயிற்சியின் அடிப்படைப் புதுமை. எனினும், பயிற்சிக்கான பொதுப்பணம் மருத்துவமனையின் வழியாகவே தொடர்ந்து சென்றமையால் அம்மாற்றம் முழுமை பெறவில்லை. பாடத்திட்டமும் நிதிமுறையும் எதிரெதிர்த் திசைகளில் இழுத்ததே இத்துறையின் பிற்கால இடர்ப்பாடுகளுக்கு முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

முதன்மைச் சொற்கள்: குடும்ப மருத்துவம், வதிவிடப் பயிற்சி, பொது மருத்துவர், தொடர் கவனிப்பு, மருத்துவக் கல்வி நிதி, மெடிகேர்.

முன்னுரை

மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் தனித்துப் பணியாற்றும் தகுதியை அடைவதற்குமுன் மேற்கொள்ளும் நீண்ட பயிற்சியைத் தமிழில் ‘வதிவிடப் பயிற்சி’ என்கிறோம். ‘வதிதல்’ என்பது தங்கி வாழ்தல். இப்பெயர் பொருளற்ற மரபுப் பெயரன்று. பயிற்சி மருத்துவர்கள் ஒருகாலத்தில் மருத்துவமனை வளாகத்திலேயே இரவும் பகலும் தங்கி வாழ்ந்தனர். ஆகவே, ‘எங்கே வதிவது?’ என்ற வினா இப்பயிற்சியின் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. அறுவை மருத்துவர் மருத்துவமனையில் வதிந்து கற்பது இயல்பு. அவர் வாழ்நாள் முழுவதும் பணியாற்றப்போகும் இடமும் அதுவே. ஓர் ஊரின் குடும்பங்களைப் பிறப்பு முதல் இறப்பு வரை கவனிக்க வேண்டிய மருத்துவர் எங்கே வதிந்து கற்க வேண்டும்? இவ்வினாவுக்கு 1960களில் அமெரிக்கச் சமூகம் அளித்த விடையே குடும்ப மருத்துவ வதிவிடப் பயிற்சி. அவ்விடை எந்த அளவுக்குச் செயலாயிற்று என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மருத்துவமனையில் வதிதல்

பால்டிமோர் நகரில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர், வில்லியம் ஹால்ஸ்டெட் ஆகியோர் வகுத்த முறையே அமெரிக்க வதிவிடப் பயிற்சிக்கு முன்மாதிரி. இளம் மருத்துவர் மருத்துவமனையில் தங்கி, மூத்தோரின் மேற்பார்வையில் படிப்படியாகக் கூடுதல் பொறுப்பை ஏற்பார். ஹால்ஸ்டெட்டின் அமைப்பு கூம்பு வடிவினது. அடித்தளத்தில் பலர் சேர்வர். உச்சியை ஒருவரே அடைவார்.

1910இல் கார்னகி அறக்கட்டளைக்காக ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அளித்த அறிக்கை இப்போக்கை வலுப்படுத்தியது. மருத்துவர் அல்லாத கல்வியாளரான ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆய்ந்து, அவற்றுட் பெரும்பாலானவை தரமற்றவை என மதிப்பிட்டார். ஆய்வுக்கூடமும் பல்கலைக்கழக மருத்துவமனையும் இணைந்த கல்வியே உயர்ந்தது என்ற கருத்து நிலைபெற்றது. போலிப் பள்ளிகள் ஒழிந்தது இதன் நற்பயன். அதே வேளையில், மருத்துவ அறிவு பிறக்கும் இடம் மருத்துவமனை ஒன்றே என்ற எண்ணமும் உடன் வேரூன்றியது.

முதல் உலகப் போர்க் காலத்தில் கண் மருத்துவத்திற்கு முதல் சான்றளிப்பு வாரியம் அமைந்தது. 1933இல் வாரியங்களை ஒருங்கிணைக்கும் பொது அமைப்பு தோன்றியது. அடுத்தடுத்துத் துறைகள் தத்தம் எல்லையை வகுத்துக்கொண்டன. இரண்டாம் உலகப் போர் இவ்வேறுபாட்டைக் கூர்மையாக்கிற்று. படையில் சிறப்பு மருத்துவருக்கு உயர்ந்த பதவியும் ஊதியமும் கிடைத்தன. பொது மருத்துவருக்குக் கிடைக்கவில்லை. போர் முடிந்தபின், படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தின் உதவித்தொகையால் ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் சிறப்புப் பயிற்சியில் சேர்ந்தனர். 1946ஆம் ஆண்டின் ஹில்-பர்ட்டன் சட்டம் நாடெங்கும் மருத்துவமனைக் கட்டடங்களை எழுப்பியது. நடுவண் அரசின் ஆராய்ச்சி நிதி பல்கலைக்கழகங்களுக்குப் பெருகிச் சென்றது.

இவற்றின் விளைவைப் பொது மருத்துவர்களின் எண்ணிக்கையே காட்டுகிறது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் பொது மருத்துவர்கள். 1960களின் இறுதியில் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே அவ்வாறு இருந்தார். அவர்களுள்ளும் பலர் முதியவர்கள். சிற்றூர்களில் ஒரு மருத்துவர் இறந்தால் அவர் இடத்திற்கு வர ஒருவரும் இல்லாத நிலை ஏற்பட்டது.

பொது மருத்துவர்கள் இதனை வாளாவிருந்து பார்க்கவில்லை. 1947இல் அமெரிக்கப் பொது மருத்துவக் கழகத்தை நிறுவினர். உறுப்பினர் ஒவ்வொருவரும் மூன்றாண்டுக்கு 150 மணிநேரம் தொடர்கல்வி பெறவேண்டும் எனக் கழகம் விதித்தது. இத்தகைய விதி அந்நாட்டு மருத்துவச் சங்கங்களுள் அதுவரை இருந்ததில்லை. பொது மருத்துவத்திற்கென ஈராண்டு வதிவிடப் பயிற்சிகளும் 1950களில் சில மருத்துவமனைகளில் நடந்தன. ஆயினும் அவற்றின் இடங்கள் நிரம்பவில்லை. பல துறைகளின் பிரிவுகளில் சில மாதங்கள் வீதம் சுற்றிவருவதே அப்பயிற்சியாக இருந்தது. அதன் முடிவில் தனித்த சான்றும் இல்லை. தனக்கெனக் கற்பித்தல் இடமும் இல்லை. ஒவ்வொரு துறையிலும் சிறிதளவு கற்றவர் என்ற அடையாளமே அப்பயிற்சி முடித்தவருக்கு எஞ்சியது.

2. ஆயிரம் பேரின் கணக்கு

மருத்துவமனையை மையமாகக் கொண்ட கல்வியின் குறையை எண்களால் வெளிப்படுத்திய ஆய்வு 1961இல் வெளிவந்தது. கெர் ஒயிட்டும் அவர்தம் உடனாய்வாளர் இருவரும் அமெரிக்க, பிரித்தானியத் தரவுகளைக் கொண்டு ஓர் எளிய கணக்கை முன்வைத்தனர். ஒரு சமூகத்தில் வளர்ந்தோர் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேர் ஏதேனும் நோயோ காயமோ உற்றதாகக் கூறுவர். அவர்களுள் 250 பேர் மருத்துவரை நாடுவர். 9 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுவர். 5 பேர் வேறொரு மருத்துவரிடம் அனுப்பப்படுவர். பல்கலைக்கழக மருத்துவமனையை அடைபவர் ஒருவரே.

மருத்துவ மாணவரும் வதிவிட மருத்துவரும் தம் பயிற்சிக் காலம் முழுவதையும் அந்த ஒருவருடனேயே கழித்தனர். மருத்துவரை நாடிய ஏனைய 249 பேரின் தலைவலி, முதுகுவலி, உறக்கமின்மை, குழந்தையின் காய்ச்சல், முதியவரின் தள்ளாமை ஆகியவற்றை அவர்கள் கண்டதே இல்லை. அருகியே வரும் நோயை இயல்பானதாகவும், இயல்பாக வரும் நோயைப் பொருட்படுத்தத் தகாததாகவும் கருதும் மனநிலை இதனால் உருவாயிற்று. ஒயிட்டின் கணக்கு இம்மனநிலையை நேரடியாகக் கண்டிக்கவில்லை. கல்வி நடக்கும் இடத்திற்கும் நோய் வாழும் இடத்திற்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து காட்டியது. அந்த அளவையே பின்வந்த சீர்திருத்தங்களுக்கு அறிவுசார் அடித்தளமாயிற்று.

3. மூன்று அறிக்கைகளின் ஆண்டு

1966ஆம் ஆண்டில் மூன்று அறிக்கைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்க, வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத் தலைவர் ஜான் மில்லிஸ் தலைமையில் அமைந்த குடிமக்கள் குழு முதலாவது. பட்டத்திற்குப் பிந்தைய மருத்துவக் கல்வி முழுவதையும் ஆய்ந்த அக்குழு, துண்டுதுண்டாகிவிட்ட மருத்துவத்தில் நோயாளரை முழுமையாகக் கவனிக்கும் ‘முதன்மை மருத்துவர்’ தேவை என்றும், அவருக்கெனத் தனிப்பயிற்சி வகுக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. கென்டக்கி பல்கலைக்கழக மருத்துவப் புலத் தலைவர் வில்லியம் வில்லார்டின் குழு இரண்டாவது. அது குடும்ப மருத்துவத்தைத் தனிச் சிறப்புத் துறையாக்கி, அதற்கு வாரியமும் வதிவிடப் பயிற்சியும் அமைக்கப் பரிந்துரைத்தது. மேரியன் ஃபோல்சம் தலைமையிலான சமூக நலப்பணிகள் ஆணையத்தின் அறிக்கை மூன்றாவது. ஒவ்வொரு மனிதருக்கும் தமக்கென ஒரு மருத்துவர் இருத்தல் வேண்டும் என்பது அதன் மையக் கருத்து.

மூன்று குழுக்களும் மூன்று தளங்களிலிருந்து ஒரே முடிவுக்கு வந்தன என்பது கருதத்தக்கது. மில்லிஸ் குழு கல்வியின் ஒழுங்கிலிருந்து தொடங்கியது. வில்லார்டு குழு தொழிலின் தகுதிநிலையிலிருந்து தொடங்கியது. ஃபோல்சம் ஆணையம் மக்களின் தேவையிலிருந்து தொடங்கியது. பொது மருத்துவம் அழிந்துவருவதை ஒரு தொழிற்குழுவின் குறையாக மட்டும் இனிக் கொள்ள இயலாது என்ற நிலை இதனால் ஏற்பட்டது.

4. இருபதாவது துறை

1969 பிப்ரவரி 8 அன்று குடும்ப மருத்துவ வாரியம் ஏற்பளிக்கப்பெற்று, அத்துறை இருபதாவது சிறப்புத் துறையாயிற்று. அவ்வாரியத்தின் முதல் செயல் இயக்குநராக, கென்டக்கியின் லெக்சிங்டனைச் சேர்ந்த நிக்கோலஸ் பிசகானோ பொறுப்பேற்றார்.

இவ்வெற்பு எளிதில் கிட்டவில்லை. உள் மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகிய துறைகளைச் சேர்ந்தோர் பலர், குடும்ப மருத்துவத்திற்கெனத் தனித்த அறிவுப்பரப்பு எதுவும் இல்லை என்றனர். எதிர்ப்பு பொது மருத்துவர்களிடையேயும் இருந்தது. இருபது முப்பது ஆண்டுகள் ஊரார்க்குப் பணிசெய்தவர்கள், தாம் செய்துவந்த பணிக்கு இப்போது தேர்வெழுதித் தகுதிபெற வேண்டுமா என வினவினர். பழைய வாரியங்கள் தொடங்கியபோது மூத்த மருத்துவர்கள் பலர் தேர்வின்றியே சான்று பெற்றிருந்தனர். குடும்ப மருத்துவ வாரியம் அச்சலுகையை முற்றாக மறுத்தது. நிறுவனர்கள் உட்பட அனைவரும் தேர்வெழுத வேண்டும். பெற்ற சான்றும் வாழ்நாள் முழுவதற்கும் செல்லாது. குறித்த காலத்திற்கொருமுறை மீண்டும் தேர்வெழுத வேண்டும் என விதித்தது. கட்டாய மறுசான்றளிப்பை முதலில் கொண்டுவந்த அமெரிக்க வாரியம் இதுவே. முதல் தேர்வு 1970இல் நடைபெற்றது. தாழ்வாகக் கருதப்பட்ட ஒரு தொழிற்குழு, பிறருக்கில்லாத கடும் விதியைத் தானே தனக்கு இட்டுக்கொண்டது. மதிப்பை ஈட்டுவதற்கு அதனிடம் வேறு வழி இருக்கவில்லை.

1969இல் 15 வதிவிடப் பயிற்சிகள் ஏற்பளிக்கப்பெற்றன. பத்தாண்டுகளில் அவ்வெண்ணிக்கை 300ஐக் கடந்தது. பொது மருத்துவக் கழகம் 1971இல் தன் பெயரைக் குடும்ப மருத்துவர் கழகம் என மாற்றிக்கொண்டது. 1967இலேயே குடும்ப மருத்துவ ஆசிரியர்களுக்கெனத் தனிச் சங்கம் அமைந்திருந்தது. மயாமி பல்கலைக்கழகத்தில் 1965இல் குடும்ப மருத்துவப் பயிற்சியைத் தொடங்கிய லின் கார்மைக்கேல் அதன் முதல் தலைவர்.

இவ்வியக்கத்தைத் தனித்த அமெரிக்க நிகழ்வாகக் கொள்ளுதல் பொருந்தாது. பிரித்தானியாவில் 1950இல் ஜோசப் காலிங்ஸ் எழுதிய அறிக்கை பொது மருத்துவத்தின் அவலநிலையை அம்பலப்படுத்தியது. 1952இல் பொது மருத்துவர் கல்லூரி நிறுவப்பட்டது. 1963இல் எடின்பரோவில் பொது மருத்துவத்திற்கு உலகின் முதல் பேராசிரியர் இருக்கை அமைந்தது. கனடாவில், இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் பொது மருத்துவராகப் பணியாற்றிய இயன் மக்வின்னி 1968இல் வெஸ்டர்ன் ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தின் குடும்ப மருத்துவப் பேராசிரியரானார். நாடுகளிடையே ஒரு வேறுபாடு முதன்மையானது. பிரித்தானியாவில் ஒவ்வொரு குடிமகனும் ஒரு பொது மருத்துவரிடம் பதிவுபெற்றிருந்தான். அமெரிக்காவில் அத்தகைய பொது ஏற்பாடு இல்லை. ஆகவே, அங்கே பயிற்சி நிறுவனம் மருத்துவரை உருவாக்குவதோடு, அவர் கவனிக்கவேண்டிய மக்கள் தொகுதியையும் தானே உருவாக்கவேண்டியிருந்தது.

5. பயிற்சியின் உள்ளமைப்பு

அம்மக்கள் தொகுதி கூடிய இடமே ‘குடும்ப மருத்துவ மையம்’. மூன்றாண்டுப் பயிற்சியின் அச்சாணி அது. வதிவிட மருத்துவர் உள் மருத்துவம், குழந்தை மருத்துவம், மகப்பேறு, அறுவை, அவசர மருத்துவம், உளநோய் மருத்துவம் ஆகிய பிரிவுகளில் முன்போலவே சுற்றிவந்தார். ஆனால், சேர்ந்த முதல் மாதங்களிலேயே சில குடும்பங்கள் அவர் பெயரில் பதிவாயின. எப்பிரிவில் பணியாற்றினாலும், வாரத்தில் குறித்த நேரம் மையத்திற்குத் திரும்பித் தம் குடும்பங்களைக் கவனிக்கவேண்டும். முதலாண்டில் ஓர் அரைநாள் அளவில் இருந்த அந்நேரம், மூன்றாம் ஆண்டில் வாரத்தின் பல அரைநாள்களாக விரிந்தது. பின்னாளில் ஏற்பளிப்புக் குழு, மூன்றாண்டில் மையத்தில் குறைந்தது 1,650 நோயாளர் சந்திப்புகள் நிகழவேண்டும் என எண்ணிக்கையாகவே வரையறுத்தது.

இவ்வமைப்பின் கல்விப்பயன் காலத்தைச் சார்ந்தது. முதலாண்டில் ஒரு பெண்ணின் பேற்றுக்கு உடனிருந்த மருத்துவர், அடுத்த ஈராண்டும் அக்குழந்தைக்குத் தடுப்பூசி இடுவார். அதே வீட்டின் பாட்டிக்குக் குருதியழுத்தம் பார்ப்பார். தந்தையின் குடிப்பழக்கத்தையும் அவரே அறிய நேரும். மருத்துவமனைப் பிரிவில் நோயாளர் குணமாகி வெளியேறியதும் கதை முடிந்துவிடும். மையத்தில் அவர் மீண்டும் வருவார். தாம் கூறிய அறிவுரை வீட்டில் கடைப்பிடிக்கப்படவில்லை, தாம் எழுதிய மருந்து வாங்கப்படவே இல்லை, தாம் முதலில் கணித்த நோய் வேறொன்றாக முடிந்தது என்பவற்றைப் பயிற்சி மருத்துவர் அறிந்துகொள்ளும் வாய்ப்பு இம்மறுவருகையால்தான் கிடைத்தது. தொடர் கவனிப்பு என்பது நோயாளர்க்கான வசதியாக மட்டுமின்றி, மருத்துவரின் பிழையைத் திருத்தும் கருவியாகவும் அமைந்தது.

கற்பிக்கும் முறையும் இதற்கேற்ப மாறியது. வதிவிட மருத்துவர் நோயாளரைப் பார்த்தபின் அடுத்த அறைக்குச் சென்று வழிகாட்டு மருத்துவரிடம் விவரிப்பார். இருவரும் கலந்து முடிவெடுத்தபின் நோயாளரிடம் திரும்புவார். பல மையங்களில் ஒருவழிக் கண்ணாடி வழியாகவும் ஒளிப்பதிவு வழியாகவும் உரையாடல்கள் கவனிக்கப்பட்டன. நோயாளர்க்குத் தனித்தனி ஏடு வைப்பதற்குப் பதிலாகக் குடும்பத்திற்கு ஒரே கோப்பு வைக்கும் வழக்கமும் பல இடங்களில் பின்பற்றப்பட்டது. லாரன்ஸ் வீடு 1968இல் முன்வைத்த, நோயாளரின் சிக்கல்களை வரிசைப்படுத்தி எழுதும் பதிவுமுறையைக் குடும்ப மருத்துவ மையங்கள் ஆர்வத்துடன் ஏற்றன.

மருத்துவர் அல்லாத உளவியலாளரும் சமூகப்பணியாளரும் ஆசிரியர்களாக அமர்ந்தமை மற்றொரு புதுமை. இதன் பின்னணியில் மைக்கேல் பாலின்டின் செல்வாக்கு உண்டு. புடாபெஸ்டில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய இவ்வுளப்பகுப்பாளர், லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தில் பொது மருத்துவர்களைக் கூட்டி, அவர்களைத் தொல்லைப்படுத்திய நோயாளரைப் பற்றிப் பேசச் செய்தார். பொது மருத்துவத்தில் மிகுதியாகப் பயன்படும் மருந்து மருத்துவரே என்பதும், அம்மருந்தின் அளவும் பக்கவிளைவும் எந்நூலிலும் எழுதப்படவில்லை என்பதும் 1957இல் வெளியான அவருடைய நூலின் மையக் கருத்துகள். அமெரிக்க வதிவிடப் பயிற்சிகள் பலவற்றில் பாலின்ட் குழுக்கள் வாரந்தோறும் கூடின. 1977இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் எங்கல், நோயை உடல், உளம், சமூகம் என்னும் மூன்று தளங்களிலும் காணவேண்டும் என எழுதியபோது, குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் அதனைத் தம் துறையின் கோட்பாடாகவே ஏற்றுக்கொண்டனர்.

கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் முன்னோடிப் பயிற்சியொன்றை நடத்திய கேல் ஸ்டீபன்ஸ், குடும்ப மருத்துவம் அக்கால எதிர்ப்பண்பாட்டு இயக்கங்களுடன் உறவுடையது என 1979இல் வாதிட்டார். மனிதநேயம், பெண்ணியம், நுகர்வோர் உரிமை ஆகிய குரல்களின் காலத்தில் பிறந்தமையால்தான் இத்துறைக்கு மக்கள் ஆதரவு கிட்டிற்று என்பது அவர் கருத்து. இவ்வாதத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சீர்திருத்தமாகத் தோன்றிய ஒன்று, ஏற்கப்பட்ட துறைகளுள் மற்றொன்றாக அடங்கிவிட்டால் அதன் பிறப்புக் காரணமே மறைந்துவிடும்.

6. பணம் செல்லும் வழி

புதிய பயிற்சிக்குப் பணம் எங்கிருந்து வருவது? இவ்வினா ஓர் அரசியலமைப்பு வழக்காகவே மாறியது. குடும்ப மருத்துவக் கல்விக்கு 22.5 கோடி டாலர் ஒதுக்க வகைசெய்யும் சட்டவரைவை அமெரிக்க நாடாளுமன்றம் 1970இல் பெரும்பான்மையுடன் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சன், அவ்வாண்டுக் கிறித்துமஸ் விடுமுறையைப் பயன்படுத்தி, வரைவைத் திருப்பி அனுப்பாமலேயே செல்லாததாக்கினார். செனட்டர் எட்வர்டு கென்னடி இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். குறுகிய விடுமுறையின்போது இவ்வகைத் தடுப்பாணை செல்லாது என 1974இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று இவ்வழக்கு அரசியலமைப்புச் சட்ட நூல்களில் எடுத்துக்காட்டாக இடம்பெறுகிறது; அது குடும்ப மருத்துவர்களின் பயிற்சியைப் பற்றியது என்பது அரிதாகவே நினைவுகூரப்படுகிறது. இதற்கிடையே 1971ஆம் ஆண்டின் நலப்பணியாளர் பயிற்சிச் சட்டம் குடும்ப மருத்துவப் பயிற்சிக்கு மானியம் வழங்க வழிசெய்தது.

எனினும், இம்மானியங்கள் ஆண்டுதோறும் ஒதுக்கப்பட வேண்டியவை, அளவிலும் சிறியவை. வதிவிடப் பயிற்சிக்கான பெரும்பணம் வேறு வழியில் ஓடியது. 1965இல் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் உருவானபோது, மருத்துவமனைகளின் பயிற்சிச் செலவில் ஒரு பங்கை அது ஏற்றது. சமூகம் வேறொரு நிதிவழியைக் காணும்வரை இருக்கத்தக்க இடைக்கால ஏற்பாடாகவே நாடாளுமன்றம் அதனைக் கருதியது. அவ்வேறு வழி தோன்றவே இல்லை. இடைக்கால ஏற்பாடு நிலையானதாயிற்று.

அதன் விளைவு ஆழமானது. பணம் மருத்துவமனைக்குச் சென்றது, மையத்திற்குச் செல்லவில்லை. மெடிகேர் நோயாளர் மிகுந்த மருத்துவமனைக்குத் தொகை மிகுந்தது. முதியோர் நோய்ப்படுக்கைகளைக் கொண்டு கணக்கிட்ட இம்முறையில், குழந்தைகளையும் தாய்மாரையும் நலமுள்ளோரையும் கவனிக்கும் மையத்திற்கு இடமே இல்லை. 1983இல் புதிய கட்டணமுறை வந்தபோது சேர்க்கப்பட்ட மறைமுகக் கல்விப்படி, மருத்துவமனைக்கு வெளியே பயிற்சி மருத்துவர் கழிக்கும் நேரத்தை 1997 வரை கணக்கில் கொள்ளவில்லை. வதிவிட மருத்துவர் வெளியிலுள்ள மையத்திற்குச் சென்ற ஒவ்வொரு மணிநேரமும் மருத்துவமனைக்கு இழப்பாயிற்று. பாடத்திட்டம் அவரை வெளியே அனுப்பியது. கணக்கேடு அவரை உள்ளே இழுத்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநேரத்தைக் கணக்கில் சேர்த்தது. ஆனால், அதே சட்டம் ஒவ்வொரு மருத்துவமனையும் பணம் பெறத்தக்க வதிவிட இடங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் விதித்தது. வரம்புக்குட்பட்ட இடங்களை எத்துறைக்கு ஒதுக்குவது என்பதை மருத்துவமனையே முடிவுசெய்தது. மிகுந்த வருவாய் ஈட்டும் துறைகளின் பக்கமே அம்முடிவு சாய்வது எதிர்பார்க்கத்தக்கது.

1990களின் நடுப்பகுதியில், முதன்மை மருத்துவர் வழியாகவே சிறப்பு மருத்துவரை அணுகவேண்டும் என்ற காப்பீட்டு முறை பரவியபோது, குடும்ப மருத்துவத்தைத் தேர்ந்த அமெரிக்க மாணவர் தொகை உயர்ந்தது. அம்முறை மக்களின் வெறுப்பைப் பெற்றுத் தளர்ந்தபின், ஏறத்தாழ பத்தாண்டுக்காலம் அத்தொகை சரிந்தது. காலியான இடங்களைப் பெருமளவில் நிரப்பியவர்கள், இந்தியா உள்ளிட்ட வெளிநாடுகளில் பட்டம் பெற்றவர்கள். வதிவிடப் பயிற்சியின் பிறப்பிடமான ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும், ஹார்வர்டு, யேல் போன்ற புகழ்மிக்க மருத்துவப் பள்ளிகளிலும் குடும்ப மருத்துவத்திற்கு நெடுங்காலம் தனித்துறை இருக்கவில்லை.

7. பயிற்சி இடமும் பணியிடமும்

நிதிமுறை எதிராக இருந்தபோதிலும், ‘எங்கே வதிவது’ என்ற மூல வினாவை விடாது பற்றிய முயற்சிகள் உண்டு. 1980களின் நடுவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேனில் ஒரு புதிய வடிவம் தோன்றியது. வதிவிட மருத்துவர் முதலாண்டை நகர மருத்துவமனையிலும், அடுத்த ஈராண்டுகளைச் சிற்றூரொன்றிலும் கழிப்பார். அவ்வூரிலேயே குடியிருந்து, அங்குள்ள மருத்துவரிடம் கற்று, அங்குள்ள குடும்பங்களைக் கவனிப்பார். ‘வதிவிடம்’ என்னும் சொல் இங்குதான் தன் முழுப்பொருளைப் பெற்றது எனலாம். இவ்வடிவம் பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவியது. குடும்ப மருத்துவப் பயிற்சி முடித்தோருள் பாதிக்கு மேற்பட்டோர் தாம் பயின்ற இடத்திலிருந்து 100 மைல் தொலைவுக்குள்ளேயே பணியாற்றுகின்றனர் எனப் பின்வந்த ஆய்வு காட்டியது. பயிற்சி எங்கு நடக்கிறதோ அங்கேயே மருத்துவர் வேர்விடுகிறார் என்பதற்கு இது சான்று.

2010ஆம் ஆண்டின் நலக்காப்புச் சட்டம் நிதியின் திசையையே மாற்ற முயன்றது. ‘கற்பிக்கும் நலமையங்கள்’ என்னும் திட்டத்தின்கீழ், பயிற்சிப்பணம் மருத்துவமனைக்குச் செல்லாமல் சமூக நலமையத்திற்கே நேரடியாக வழங்கப்பட்டது. ஐந்தாண்டுக்கு 23 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. மெடிகேர் ஆண்டுதோறும் மருத்துவமனைகளுக்கு வழங்கும் பல நூறு கோடி டாலருடன் ஒப்பிட்டால் இது சிறுதொகையே. மெடிகேர்ப் பணம் சட்டத்தால் நிலைபெற்றது. இத்திட்டமோ குறித்த காலம் முடிந்ததும் மீண்டும் மீண்டும் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. எனினும், 1966இல் கல்விமுறையாக முன்வைக்கப்பட்ட கருத்து, 44 ஆண்டுகளுக்குப்பின் முதன்முறையாக நிதிமுறையாகவும் வடிவெடுத்தது என்ற வகையில் இது வரலாற்றுச் சிறப்புடையது.

முடிவுரை

ஒயிட்டின் ஆயிரம் பேர் கணக்கு 2001இல் மீண்டும் செய்து பார்க்கப்பட்டது. குழந்தைகளையும் உட்படுத்திய அப்புதிய கணக்கின்படி, ஒரு மாதத்தில் 1,000 பேருள் ஏறத்தாழ 800 பேருக்கு நோய்க்குறிகள் தோன்றின. 217 பேர் மருத்துவரின் அலுவலகத்திற்குச் சென்றனர். 8 பேர் மருத்துவமனையில் சேர்ந்தனர். கல்விசார் மருத்துவமனையில் சேர்ந்தோர் ஒருவருக்கும் குறைவு. நாற்பதாண்டுகளில் மருத்துவ அறிவும் கருவிகளும் அடியோடு மாறியபின்னும், நோய் வாழும் இடம் மாறவில்லை.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, குடும்ப மருத்துவ வதிவிடப் பயிற்சி பழைய பொது மருத்துவப் பயிற்சியின் நீட்சி அன்று. பல துறைகளில் சுற்றிவருவது இரண்டிற்கும் பொது. குடும்பங்களைத் தொடர்ந்து கவனிக்கும் மையம் புதியதற்கே உரியது. இரண்டாவது, துறைக்குச் சான்றும் வாரியமும் பாடத்திட்டமும் அமைந்தமையால் மதிப்பு உயர்ந்தது. ஆனால், பயிற்சிக்கான பணம் செல்லும் வழி மாறாதவரை மருத்துவர் உருவாகும் இடம் முழுமையாக மாறவில்லை. மூன்றாவது, இடைக்கால ஏற்பாடாகக் கருதப்பட்ட நிதிவிதியொன்று, வெளிப்படையாக விவாதிக்கப்பட்ட கல்விக் கொள்கையைக் காட்டிலும் வலிமையுடன் அரைநூற்றாண்டுக்காலம் செயல்பட்டது.

இம்முடிவுகள் இந்தியச் சூழலிலும் எண்ணத்தக்கவை. 1946இல் போர் குழு, சமூகத்தை அறிந்த அடிப்படை மருத்துவரை உருவாக்குவதே மருத்துவக் கல்வியின் நோக்கம் எனக் கூறியது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி குடும்ப மருத்துவத்தில் பட்டமேற்படிப்பைத் தொடங்கி முன்னோடியாயிற்று. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமும் குடும்ப மருத்துவப் பட்டமேற்படிப்பை ஊக்குவிப்பதைத் தன் கடமைகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. படிப்பைத் தொடங்குவதற்குச் சட்டம் போதும். அப்படிப்பில் சேர்பவர் மூன்றாண்டுக் காலம் பெருமருத்துவமனையின் படுக்கைகளுக்கிடையே வதிவாரா, ஆரம்பச் சுகாதார நிலையத்தின் வாசலில் வந்து நிற்கும் குடும்பங்களுக்கிடையே வதிவாரா என்பதை அவருடைய ஊதியம் எந்நிறுவனத்தின் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே பெரும்பாலும் முடிவுசெய்யும். அமெரிக்க அனுபவம் உணர்த்துவது இதனையே.